ஒன்றியத்திலிருந்து விலகுவது நாட்டுக்கு நன்மையா? – மரக்காணம், புதுச்சேரிக் கடற்கரையின் அனுபவம்

ஒரு நாடு தான் உறுப்பாக இருக்கும் அரசியல் அல்லது பொருளாதார ஒன்றியத்திலிருந்து விலகினால் அதற்கு நன்மை விளையுமா, தீமை விளையுமா என்பது பொருளியலிலும் அரசியலிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி. 2016 ஜூன் 23 அன்று ஐக்கிய இராச்சிய மக்களில் வாக்களித்தோரில் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வாக்களித்தனர். அதற்குப் பிறகு இக்கேள்வி பள்ளி, கல்லூரிக் கட்டுரைகளிலும் போட்டித் தேர்வுகளிலும் இடம்பெறும் ஒன்றாகிவிட்டது.

இது ஐரோப்பாவுக்கே உரிய சிக்கல் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தமிழ்நாட்டின் கடற்கரையிலேயே இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்களைக் கடந்து தெற்கே சுமார் 35 கி.மீ. சென்றால் புதுச்சேரி வரும். இன்று இந்த வழியில் செல்பவர் தாம் ஒரு நாட்டின் எல்லையைக் கடப்பதாக உணர்வதில்லை. ஆனால் 1954 வரை இது இரு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லை. 1941 இல் இந்த எல்லையின் இரு பக்கமும் ஒரே சுங்க ஒன்றியத்தில் இணைந்தன. 1949 இல் அந்த ஒன்றியம் முறிந்தது. முறிந்த பின் என்ன நடந்தது என்பதை அறிந்தால், விலகலின் ஆதாயமும் இழப்பும் எங்கே பிறக்கின்றன என்பது விளங்கும்.

ஒன்றியம் என்றால் என்ன?

ஒன்றியங்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. அவற்றைப் படிநிலைகளாகப் பிரித்துக் கூறுவது வழக்கம்.

1. தடையிலா வணிகப் பகுதி: உறுப்பு நாடுகள் தமக்குள் சுங்க வரி விதிப்பதில்லை. வெளிநாடுகளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி வரி வைத்துக்கொள்ளலாம்.

2. சுங்க ஒன்றியம்: உள்ளே வரி இல்லை என்பதோடு, வெளிநாட்டுப் பொருள்களுக்கு எல்லா உறுப்பினரும் ஒரே வரி விதிப்பர். எனவே உள் எல்லையில் வரிக்கான சோதனை தேவைப்படாது.

3. பொதுச் சந்தை: பொருள்களோடு தொழிலாளர், மூலதனம், சேவை ஆகியவையும் தடையின்றிச் செல்லலாம்.

4. நாணய ஒன்றியம்: உறுப்பினர் அனைவருக்கும் ஒரே பணம்.

5. அரசியல் ஒன்றியம்: பொதுவான சட்டமன்றம், அரசு, நீதிமன்றம் முதலியவை இருக்கும்.

இந்தியா இந்த ஐந்தும் சேர்ந்த ஒன்றியம். நம் அரசமைப்புச் சட்டம் நாட்டை மாநிலங்களின் ஒன்றியம் என்றே குறிப்பிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் முதல் மூன்றையும் முழுமையாகவும், நான்காவதைப் பெரும்பான்மை உறுப்பினர்களிடையிலும், ஐந்தாவதை ஓரளவும் கொண்டுள்ளது. ஆகவே ஒரு நாடு விலகுகிறது என்றால் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்குகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் நன்மையா தீமையா என்று விவாதிப்பதில் பயனில்லை.

உப்பு கற்பித்த முதல் பாடம்: 1815

மரக்காணத்தில் உப்பு விளைவது மிகப் பழைய தொழில். கழுவேலி எனப்படும் உவர்நீர் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரப் பகுதியை ஒட்டி இங்குள்ள உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் செறிவூட்டி, கடைசிப் பாத்தியில் படியும் உப்பைப் பலகையால் வாரிக் குவிக்கின்றனர். ஆண்டுத் தொடக்கத்தில் பருவம் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையோடு முடிகிறது.

உப்பு எல்லோருக்கும் தேவை. மலிவாக விளைவது. ஆனால் வரி விதித்துவிட்டால் விலை பலமடங்கு ஏறும். இந்த மூன்று இயல்புகளால் எல்லைச் சிக்கல்களில் முதலில் அகப்பட்ட பொருளும் உப்பே. ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனம் 1805 இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. ஆனால் அருகிலேயே பிரெஞ்சுப் பகுதியான புதுச்சேரி இருந்தது. அங்கு மலிவாக உப்பு விளைந்தால், அது இரவோடு இரவாக ஆங்கிலப் பகுதிக்குள் வந்து தனியுரிமையைக் குலைத்துவிடும்.

இதைத் தடுக்க 1815 மார்ச் 7 அன்று இலண்டனில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை முழுவதும் ஆங்கிலேயருக்கு என்றும், அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்குத் தரப்படும் என்றும் முடிவாயிற்று. 300 பெட்டி அபின் வாங்கும் உரிமையும் பிரான்சுக்குக் கிடைத்தது. உள்ளூர்த் தேவைக்கான உப்பை அண்டை ஆங்கிலப் பகுதியின் விலையை ஒட்டியே விற்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. 1818 இல் இன்னோர் ஒப்பந்தத்தால் புதுச்சேரிப் பகுதியில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. உப்பள உரிமையாளர்களுக்கு இழப்பீடாக ஆண்டுக்கு 4,000 வராகன் ஒதுக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, அரசியலில் தனித்து நிற்கும் சிறிய நிலப்பகுதிகூட, தன்னைச் சுற்றியுள்ள பெரிய சந்தையின் வரிக் கொள்கையிலிருந்து தப்ப முடிவதில்லை. கொடி வேறாக இருந்தும் உப்பு விலை ஒன்றாகவே இருந்தது. இரண்டாவது, ஒப்பந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போனது. உரிமையாளருக்கு ஓர் ஈட்டுத் தொகை கிடைத்தது. பாத்தியில் இறங்கி உப்பு வாரியவரின் பிழைப்பு போயிற்று. நாட்டுக்கு நன்மை என்ற சொல்லுக்குள் யாருக்கு என்ற கேள்வி எப்போதும் மறைந்திருக்கிறது.

1941 சுங்க ஒன்றியமும் 1949 முறிவும்

புதுச்சேரியின் நிலவமைப்பு தனித்தன்மை உடையது. அது ஒரே துண்டான நிலம் அன்று. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு போன்ற பகுதிகளுக்கு இடையே இந்திய ஊர்கள் புகுந்து கிடக்கின்றன. வடக்கே காலாப்பட்டு மரக்காணம் செல்லும் வழியில் தனித் தீவுபோல நிற்கிறது. காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவை இன்னும் தொலைவில் உள்ளவை. இப்படிப்பட்ட எல்லையைக் காவல் காப்பது இரு தரப்புக்கும் பெருஞ்செலவு, மக்களுக்குப் பெருந்தொல்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் செருமனியிடம் வீழ்ந்தபின், புதுச்சேரியின் ஆளுநர் லூயி போன்வென் 1940 இல் தளபதி தெ கோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் நின்றார். பிரிட்டிஷ் இந்தியாவுடன் உறவு நெருங்கியது. 1941 இல் இரு தரப்பும் சுங்க ஒன்றிய ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரெஞ்சு இந்தியத் துறைமுகங்களில் இந்தியச் சுங்க வரியே வாங்கப்பட்டது. நிலவழிச் சுங்கச் சாவடிகள் விலக்கப்பட்டன. பிரெஞ்சு நிர்வாகத்துக்கு வருவாயில் பங்கு கிடைத்தது. அரசியல் இணைப்பு இல்லாமல், பொருளாதார இணைப்பு மட்டும் ஏற்பட்ட காலம் இது.

1947 இல் இந்தியா விடுதலை பெற்றது. பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்யலாம் என்று 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் அறிவித்தன. பேச்சுகள் இழுபட்டன. இந்திய அரசு சுங்க ஒன்றியத்தைத் தொடர விரும்பவில்லை. 1949 மார்ச் இறுதியோடு ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. புதுச்சேரியைச் சுற்றி இந்தியச் சுங்கச் சாவடிகள் மீண்டும் எழுந்தன.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். புதுச்சேரி தானாக விலகவில்லை, ஒன்றியத்திலிருந்து விலக்கப்பட்டது. எனினும் பொருளாதார விளைவைப் பொறுத்தவரை, கதவைச் சாத்தியவர் யார் என்பதைவிட, சாத்தப்பட்ட கதவுக்கு வெளியே வாழ்க்கை எப்படி இருந்தது என்பதே முதன்மையானது.

விலகிய பின் வாழ்ந்தவர் யார், வாடியவர் யார்?

சுங்க ஒன்றியத்துக்கு வெளியே வந்த புதுச்சேரி, தன் துறைமுகத்தைத் தன் விருப்பப்படி திறக்க முடிந்தது. இந்தியாவில் கடும் வரியும் இறக்குமதித் தடையும் இருந்த காலம் அது. தங்கம், கைக்கடிகாரம், வெளிநாட்டு மது, ஆடம்பரப் பொருள்கள் ஆகியவை புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கின. அவற்றை அந்தச் சிறிய ஊரே வாங்கித் தீர்க்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பெரும்பகுதி எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக இந்தியாவுக்குள் சென்றது. இறக்குமதி வணிகர் சிலரும் கடத்தல்காரர்களும் பெரும் பணம் ஈட்டினர். புள்ளிவிவரத்தில் வணிகம் பெருகியதுபோலத் தோன்றிய காலம் இது.

மறுபக்கத்தில் நிலைமை வேறு. புதுச்சேரியின் பெரிய தொழில் நெசவு. சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய பஞ்சாலைகளை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளுக்காகப் போராடி, 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் 12 பேரைப் பறிகொடுத்த தொழிலாளர் வரலாறு இவர்களுடையது. ஆலைக்கு வேண்டிய பஞ்சு எல்லைக்கு அப்பாலிருந்து வந்தாக வேண்டும். நெய்த துணிக்கு அருகிலிருந்த பெரிய சந்தையும் எல்லைக்கு அப்பால்தான். இரண்டு வழியிலும் இப்போது சாவடி நின்றது. அரிசி, மண்ணெண்ணெய் போன்ற அன்றாடப் பொருள்களுக்கும் இந்தியாவின் அனுமதி தேவைப்பட்டது. ஊர்கள் பின்னிக் கிடந்ததால், பக்கத்து ஊருக்குப் போகும் உழவரும் சோதனைக்கு உள்ளாயினர். 1954 இல் இந்தியா கட்டுப்பாடுகளை மேலும் இறுக்கியபோது அன்றாட வாழ்வு முட்டுப்பட்டது.

1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவு நிலையில் இருந்த எதுவார் குபேர் உள்ளிட்ட தலைவர்களும் நகராட்சித் தலைவர்களும் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்ற நிலைக்கு வந்தனர். பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையா போன்றோர் முன்பிருந்தே போராடி வந்தனர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி முழுமை பெற்றது.

இணைப்புக்குக் காரணம் பொருளாதாரம் மட்டும் என்று கூறுவது பிழை. விடுதலை உணர்வும், மொழி உறவும், குருதி உறவும் அதில் இருந்தன. ஆயினும் ஐந்தாண்டுப் பொருளாதாரத் தனிமை, தயங்கி நின்றவர்களின் மனத்தையும் மாற்ற உதவியது.

வணிகக் கோட்பாடு என்ன சொல்கிறது?

சுங்க ஒன்றியங்களை ஆராய்ந்த ஜேக்கப் வைனர் என்ற பொருளியலறிஞர் 1950 இல் இரண்டு கருத்துகளை முன்வைத்தார். ஒன்று வணிக உருவாக்கம். ஒன்றியத்தில் சேர்வதால், உள்நாட்டில் அதிகச் செலவில் செய்யப்படும் பொருளுக்குப் பதிலாக உறுப்பு நாட்டில் குறைந்த செலவில் செய்யப்படும் பொருள் வருகிறது, இது நன்மை. மற்றொன்று வணிகத் திசைமாற்றம். முன்பு மலிவாக வெளிநாட்டிலிருந்து வாங்கியதை, ஒன்றியத்தின் வெளிவரி காரணமாக விலை கூடிய உறுப்பு நாட்டிலிருந்து வாங்க நேர்கிறது, இது இழப்பு. ஒன்றியம் நல்லதா என்பது இவ்விரண்டில் எது மிகுதி என்பதைப் பொறுத்தது. விலகுவது நல்லதா என்ற கேள்விக்கும் இதே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்.

உப்பை வைத்தே இதைப் பார்க்கலாம். இந்தியாவின் உப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குசராத்தில் விளைகிறது. தமிழ்நாடு அடுத்த நிலையில் உள்ளது. மரக்காணத்து உப்பு, எந்தச் சுங்கமும் இன்றி வரும் குசராத்து உப்போடு போட்டியிட வேண்டும். மாநில எல்லையில் ஒரு வரிச்சுவர் எழுப்பினால் மரக்காணத்து உற்பத்தியாளருக்கு உள்ளூர் விலை கூடலாம். ஆனால் அதே சுவர் அண்டை மாநிலங்களுக்குப் போகும் மரக்காணத்து உப்பையும் தடுக்கும். உப்பு வாங்கும் ஒவ்வொரு குடும்பமும், மீன் பதனிடுவோரும், தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் கூடுதல் விலை கொடுக்க நேரும். சுவரால் காக்கப்படுபவர் கண்ணுக்குத் தெரிவர். சுவரால் இழப்பவர் பலராகச் சிதறிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியார். விலகல் பற்றிய விவாதங்களில் இழப்பு குறைத்து மதிப்பிடப்படுவதற்கு இது ஒரு காரணம்.

பிற நாடுகளின் அனுபவம்

பர்மா (1937): பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று தனியாகப் பிரிந்தது. தனிச் சட்டமன்றமும் தன் நிதி மீதான உரிமையும் கிடைத்தன. சென்னை மாகாணத்துக்குப் பர்மா அரிசி இன்றியமையாததாக இருந்ததால், பிரிந்த பின்னும் சில ஆண்டுகளுக்கு இரு நாடுகளுக்கும் இடையே வரியில்லா வணிகம் தொடர்ந்தது. எனவே பிரிவினை உடனே பொருளாதாரத்தைக் குலைக்கவில்லை. பெருமந்தத்தின்போது கடனுக்கு ஈடாக வந்த நிலங்களால், கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கையில் இருந்தது. அந்த மனக்கசப்பும் பிரிவினை உணர்வுக்கு வலுச் சேர்த்தது. பின்னர் போர், நில நாட்டுடைமை, 1964 இல் கடைகளின் நாட்டுடைமை என்று வரிசையாக நிகழ்ந்தன. தமிழர்கள் உடைமைகளை விட்டுத் திரும்பினர். சென்னையின் பர்மா பஜார் அந்த வரலாற்றின் எச்சம். பர்மாவின் பின்னடைவுக்கு 1937 பிரிவினையைவிட, பின்னாளில் அது தன் கதவுகளை அடைத்துக்கொண்டதே பெருங்காரணம் எனலாம். விலகுவது வேறு, அடைத்துக்கொள்வது வேறு.

சிங்கப்பூர் (1965): 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியாவில் இணைந்த சிங்கப்பூர், 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தது. இணைப்பின்போது எதிர்பார்த்த பொதுச் சந்தை செயலுக்கு வரவேயில்லை. ஆகவே விலகியபோது இழந்த சந்தை சிறியது. உலகக் கப்பல் வழியில் அமைந்த துறைமுகம் கையில் இருந்தது. வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்தது. 1967 இல் ஆசியான் அமைப்பின் நிறுவன உறுப்பினரானது. சொகூரிலிருந்து நீர் பெறும் 1961, 1962 ஒப்பந்தங்கள் பிரிவினை ஏற்பாட்டிலேயே உறுதி செய்யப்பட்டன. விலகி வளர்ந்த நாட்டுக்குச் சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கூறுவோர், அது ஒரு சிறிய ஒன்றியத்தை விட்டு உலகச் சந்தையோடு இணைந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிரீன்லாந்து (1985): டென்மார்க்கின் பகுதியாக ஐரோப்பியச் சமூகத்தில் இருந்த கிரீன்லாந்து, 1982 வாக்கெடுப்புக்குப் பின் 1985 இல் விலகியது. காரணம் மீன்பிடி உரிமை. ஒரே பொருளை நம்பிய அந்நாடு தன் கடலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. அதே வேளையில் ஐரோப்பியப் படகுகளுக்கு மீன்பிடி உரிமை தந்து, தன் மீனுக்கு ஐரோப்பியச் சந்தையில் வரியில்லா நுழைவைப் பெற்றது. கொடுக்க ஒரு பொருள் இருந்ததால் பேரம் பேச முடிந்தது.

ஐக்கிய இராச்சியம் (2020): 2020 சனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய இந்நாடு, அவ்வாண்டின் இறுதியில் பொதுச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டது. உள்ளே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய அளவைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நீண்ட காலத்தில் சுமார் 4 விழுக்காடு குறையும் என்பது அந்நாட்டின் வரவு-செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு. மறுபுறம், தனியாக வணிக ஒப்பந்தம் செய்யும் உரிமை கிடைத்தது. 2025 சூலை 24 இல் இந்தியாவுடன் அவ்வாறு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனால் நீண்ட காலத்தில் ஆண்டுக்கு 480 கோடி பவுண்டு பயன் கிட்டும் என்று பிரித்தானிய அரசு மதிப்பிட்டுள்ளது. இது அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. தொலைவிலுள்ள பெரிய சந்தை, அருகிலுள்ள பெரிய சந்தைக்கு எளிதில் ஈடாவதில்லை. வட அயர்லாந்து எல்லையில் சோதனை எங்கே வைப்பது என்ற சிக்கல், பின்னிக் கிடந்த புதுச்சேரி எல்லையை நினைவூட்டுவது.

பணக் கணக்குக்கு அப்பால்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, விலகல் எப்போதும் தவறு என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மக்கள் விலக விரும்புவது பெரும்பாலும் வருவாய்க்காக மட்டும் அன்று. தம் சட்டத்தைத் தாமே இயற்றவும், தம் மொழியில் ஆளவும், தம் நிலத்தில் தம் சொல் செல்லவும் வேண்டும் என்ற விருப்பம் மதிக்கத்தக்கது. 1947 இல் இந்தியா பிரிட்டிஷ் பேரரசை விட்டு விலகியபோது யாரும் அதை இலாப நட்டக் கணக்கால் அளக்கவில்லை. அந்த ஆண்டில்தான் உப்பு வரியும் ஒழிந்தது. தம்மை ஆளும் அமைப்பில் தமக்குக் குரலே இல்லாதபோது விலகல் ஒன்றே வழியாகலாம்.

குரல் இருக்கும்போது வேறு வழியும் உண்டு. திராவிட முன்னேற்றக் கழகம் வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று முழங்கித் திராவிட நாடு கேட்டது. 1963 இல் அரசமைப்புச் சட்டத்தின் 16 ஆவது திருத்தம் வந்த சூழலில் அக்கோரிக்கை கைவிடப்பட்டது. ஆனால் அதன் பின்னிருந்த பொருளாதாரக் குறை கைவிடப்படவில்லை. அது மாநில சுயாட்சிக் கோரிக்கையாக மாறியது. 1969 இல் இராஜமன்னார் குழு அமைக்கப்பட்டது. இன்றைய வரிப்பகிர்வு விவாதமும் அதன் தொடர்ச்சியே. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற அறிஞர் 1970 இல், ஓர் அமைப்பில் மனக்குறை கொண்டவருக்கு வெளியேற்றம், குரல் என இரு வழிகள் உண்டு என்று விளக்கினார். தமிழ்நாடு தேர்ந்தது இரண்டாவது வழி.

புதுச்சேரி இதில் இன்னொரு நுட்பத்தையும் காட்டுகிறது. இந்தியாவுடன் இணைந்த அதே மக்கள், 1979 இல் அதைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது கடுமையாக எதிர்த்துப் போராடினர். பெரிய சந்தை வேண்டும், ஆனால் தமக்கெனச் சிறிய சட்டமன்றமும் வேண்டும் என்பதே அவர்கள் நிலை. பொருளாதார ஒன்றியத்தை விரும்புவதும், அரசியலில் தனித்தன்மையை விரும்புவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

இன்றும் மிஞ்சியிருக்கும் எல்லை

2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. ஆனால் மதுவும் பெட்ரோலும் அதில் சேரவில்லை. அவற்றுக்குத் தமிழ்நாடும் புதுச்சேரியும் தனித்தனி வரி விதிக்கின்றன. எனவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மது கடத்தலைத் தடுக்கும் காவல் சோதனைச் சாவடிகள் இன்றும் உள்ளன. உப்பு மூட்டை ஏற்றிய லாரியிடம் யாரும் சுங்கம் கேட்பதில்லை. மதுப் புட்டி இருக்கிறதா என்று வண்டியைத் திறந்து பார்க்கிறார்கள். வரி வேறுபடும் பொருளுக்கு மட்டும் எல்லை உயிரோடிருக்கிறது. சுங்க ஒன்றியம் என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

விலகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து ஐந்து கேள்விகளைத் தொகுக்கலாம்.

1. விலகும் நாட்டைச் சுற்றியுள்ள நிலமும் சந்தையும் யாருடையவை? சுற்றிலும் பழைய ஒன்றியமே இருந்தால் இழப்பு மிகுதி.

2. இழக்கும் சந்தைக்கு மாற்றுச் சந்தை கையில் உள்ளதா, அல்லது எதிர்பார்ப்பில் மட்டும் உள்ளதா?

3. நீர், உணவு, மின்சாரம் போன்ற இன்றியமையாதவற்றுக்கு விலகும் முன்பே ஒப்பந்தம் செய்யப்பட்டுள்ளதா?

4. ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு? இழப்பவருக்கு ஈடு உண்டா?

5. குறையை உள்ளிருந்தே தீர்க்கும் வாய்ப்புகள் தீர்ந்துவிட்டனவா?

முடிவுரை

ஒன்றியத்திலிருந்து விலகுவது நன்மையா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆனால் எந்தச் சூழலில் எது நிகழும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறியலாம். மாற்றுச் சந்தையும் பேரம் பேசும் வலிமையும் உள்ள நாடு விலகியும் வளரலாம். தன் ஊருணியும் வயலும் பஞ்சும் சந்தையும் எல்லைக்கு அப்பால் இருக்கும் நாடு விலகினால், தனித்து நிற்கும் பெருமையின் விலையை அதன் உழைப்பாளரே செலுத்த நேரும். 1949 முதல் 1954 வரை புதுச்சேரியில் தங்கம் விற்றவர் செழித்தார், தறியில் நின்றவர் தவித்தார். விலகலை ஆதரிக்கும் வாதமாயினும் எதிர்க்கும் வாதமாயினும், நாட்டின் மொத்தக் கணக்கோடு நின்றுவிடாமல் இவ்விருவரின் கணக்கையும் தனித்தனியே காட்டும்போதுதான் முழுமை பெறும்.